அன்றாட வாழ்க்கையின் பழைய நகைச்சுவைத் துணுக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்ணையிலும் பந்தியிலும் ரயில் பயணத்திலும் சொல்லப்பட்டு, பின்னர் வார இதழ்களில் அச்சேறிய பழைய தமிழ்த் துணுக்குகளைத் திரட்ட விரும்புகிறவர்களும், அவற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறவர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை அளிக்கப்பட்டுள்ளது.

எதைப் பழைய துணுக்கு என்று கொள்ள வேண்டும்?

முதலில் சொன்னவர் யார் என்று எவருக்கும் தெரியாமல், சொல்லுகிற ஒவ்வொருவரும் தம் ஊரில் நடந்ததாகவே சொல்லுகிற சிறு நிகழ்ச்சியைத்தான் இங்கே பழைய துணுக்கு என்கிறோம். அதில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் இராது; மாமியார், விருந்தாளி, வாத்தியார், வைத்தியர், கருமி என்று உறவோ தொழிலோ குணமோதான் அடையாளமாக நிற்கும். நீளம் மூன்று நான்கு வாக்கியங்களைத் தாண்டாது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லோரும் கேட்டிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்லலாம். வாசலில் பிச்சை கேட்டு நின்றவரிடம் மருமகள், "ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். அவர் தெருக்கோடி வரை போய்விட்ட பிறகு, கோவிலிலிருந்து திரும்பிவரும் மாமியார் நடந்ததைக் கேட்டறிந்து கொதித்துப்போய், "இல்லை என்று சொல்ல அவள் யார்? திரும்பி வாரும்" என்று கூப்பிடுகிறாள். அவரும் நம்பிக்கையோடு வெயிலில் அவ்வளவு தூரம் திரும்பி நடந்து வருகிறார். மாமியார் படியேறி, உள்ளே போய், வாசற்படியில் நின்று சொல்லுகிறாள்: "இப்போது நான் சொல்கிறேன். ஒன்றும் இல்லை, போய் வாரும்."

ஒரு கூட்டுக் குடும்பத்தில் அரிசிப் பானையின் மீது அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியைப் பல பக்கங்களில் எழுதினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது. இல்லை என்று சொல்லும் உரிமையைக்கூட விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒருத்தியையும், அந்த உரிமைப் போட்டியில் வீணாக நடக்க வைக்கப்பட்ட ஒருவரையும் ஒரே நேரத்தில் பார்க்கிறோம். சிரித்து முடித்த பிறகு அந்த மனிதர்மீது இரக்கமும் வருகிறது. நல்ல பழைய துணுக்குகள் பலவற்றில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

தமிழ் இலக்கணம் சிரிப்பைப் பற்றி ஏதேனும் சொல்லியிருக்கிறதா?

சொல்லியிருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் சுட்டுகிறது. வீட்டில் சொல்லப்படும் துணுக்குகளை இந்த நான்கில் ஏதேனும் ஒன்றில் அடக்கிவிடலாம். பிறரை இகழ்வதால் பிறப்பது எள்ளல்; குழந்தைகளின் சொல்லாலும் செயலாலும் பிறப்பது இளமை; அறியாமையால் பிறப்பது பேதைமை; சொன்னதைச் சொன்னபடியே பிடித்துக்கொள்வதால் பிறப்பது மடன். பேதைமைக்கும் மடனுக்கும் உரையாசிரியர்கள் வேறுபாடு காட்டியிருப்பது கவனிக்கத்தக்கது. "தபால்காரர் வந்தால் சொல்" என்ற எஜமானரிடம், வந்த தபால்காரரைக் கடிதத்தோடு திருப்பி அனுப்பிவிட்டு, "அவர் வந்தார் ஐயா" என்று மட்டும் வந்து சொல்லுகிற வேலைக்காரர் மடன் என்ற வகையைச் சேர்ந்தவர்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றிய நகைச்சுவை பழைய காலத்திலேயே இருந்ததா, அல்லது அது பத்திரிகைகள் கொண்டுவந்ததா?

பத்திரிகைகளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. சாப்பாடு வரத் தாமதமாவதைப் பற்றிய எரிச்சலைக் காளமேகப் புலவரைவிட அழகாகச் சொன்னவர் தமிழில் இல்லை என்பது என் எண்ணம். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவருடைய சத்திரத்துக்குப் பசியோடு போன புலவர், அங்கே பொழுது அத்தமிக்கும்போதுதான் அரிசியே வந்து சேரும் என்றும், அதைக் குத்தி உலையில் இடும்போது ஊர் அடங்கிவிடும் என்றும், ஓர் அகப்பை அன்னம் இலையில் விழும்போது விடிவெள்ளி எழுந்துவிடும் என்றும் ஒரு வெண்பா பாடினார். சத்திரக்காரர் வருந்தி வேண்டிக்கொள்ளவே, அதே வெண்பாவைப் புகழ்ச்சியாகவும் பொருள்கொள்ளலாம் என்று புலவர் விளக்கியதாக வழங்கும் கதையும் உண்டு. நாட்டில் அரிசி அருகிப்போகும் பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வந்துகொண்டிருக்கும்; ஓர் உலைச் சோற்றில் ஊரின் பசியே அடங்கும்; இலையில் விழும் அன்னம் வெள்ளியைப் போல வெண்மையாகத் தோன்றும் என்பது அந்த இரண்டாம் பொருள். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குக் காத்திருக்கும் எவரிடமும் இந்தப் பாட்டைச் சொல்லிப் பார்க்கலாம்; பொருள் சொல்ல வேண்டிய தேவையே இராது.

அவரே மோர் விற்ற பெண்ணிடம் வாங்கிய மோரைப் பார்த்து, வானத்தில் இருந்தபோது கார் என்றும் தரைக்கு வந்தபின் நீர் என்றும் ஆய்ச்சியர் கைக்கு வந்தபின் மோர் என்றும் மூன்று பெயர் பெற்றாயே என்று பாடினார். அதில் தண்ணீரின் அளவு எவ்வளவு என்பதை அவர் தனியாகச் சொல்லவில்லை.

பரமார்த்த குருவின் கதை தமிழ்க் கதைதானா?

தமிழில் எழுதப்பட்ட கதைதான். எழுதியவர் இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் (1680–1747). மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களோடு குரு ஆற்றைக் கடந்தபின், ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒருவர் குறைகிறார் என்று கரையில் உட்கார்ந்து அழும் பகுதியை அறியாத தமிழர் குறைவு. 1822ஆம் ஆண்டில் இந்நூல் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிடப்பட்டது. எழுதியவர் பெயர் தெரிந்திருந்தும், பாட்டிமார்கள் அதைத் தங்கள் பாட்டியிடம் கேட்ட கதையாகவே சொல்லிவந்தார்கள் என்பதே அதற்குக் கிடைத்த பெரிய மரியாதை.

வார இதழ்கள் இந்தத் துணுக்குகளை எப்படி மாற்றின?

மிகவும் மாற்றின, ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1926இல் தொடங்கப்பட்ட ஆனந்த விகடனை 1928இல் எஸ்.எஸ்.வாசன் வாங்கி நடத்தத் தொடங்கிய பிறகு, நகைச்சுவை என்பது பக்கத்தை நிரப்பும் பொருளாக இல்லாமல் இதழின் முகமாகவே ஆயிற்று. 1941இல் கல்கியும் 1947இல் குமுதமும் வந்தன. அதுவரை வாயால் சொல்லப்பட்ட துணுக்கில், சொல்லுகிறவர் குரலை ஏற்றி இறக்கி, முகத்தைச் சுளித்து, கேட்பவரைக் காக்கவைத்து முடிப்பைச் சொல்லுவார். அச்சில் இந்த வசதி எதுவும் இல்லை. ஆகவே கதை சுருங்கி, இரண்டு பேருடைய உரையாடலாயிற்று. இடம், காலம், ஆட்களின் தோற்றம் ஆகிய எல்லாவற்றையும் சொல்லும் வேலையைப் படம் எடுத்துக்கொண்டது.

அந்தப் படத்தைத் தமிழ் வாசகருக்குப் பழக்கியவர்களில் முதன்மையானவர் மாலி. அவருக்குப் பின் வந்த கோபுலு (1924–2015), ஒரு சொல்கூட இல்லாமலேயே முழு நிகழ்ச்சியையும் படங்களால் சொல்லிவிடும் அளவுக்கு இந்தக் கலையை வளர்த்தார். அவர் வரைந்த கல்யாண வீட்டில் சமையற்காரரின் தோளில் கிடக்கும் துண்டும், திண்ணையில் சாய்வு நாற்காலியில் சரிந்திருக்கும் பெரியவரின் வெற்றிலைப் பெட்டியும் அப்படியே அக்காலத்து வீட்டின் சாட்சிகள். அந்த வீடுகளின் உள்ளமைப்பை இன்று அறிய விரும்புகிறவர் அந்தப் படங்களை உற்றுப் பார்த்தால் போதும்.

வாசகர்களும் வெறுமனே படித்துக்கொண்டிருக்கவில்லை. அஞ்சலட்டையில் தாங்கள் கேட்ட துணுக்கை எழுதி அனுப்பி, அது அச்சில் வந்த இதழைத் தெருவெங்கும் காட்டி மகிழ்ந்த குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் எல்லா ஊர்களிலும் இருந்தார்கள். தீபாவளி மலர்களில் தலைதீபாவளி மாப்பிள்ளையும், உடைக்க முடியாத மைசூர்பாகும், லேகியமும் ஆண்டுதோறும் தவறாமல் வந்ததற்கு, அந்த வாரத்தில் எல்லா வீடுகளிலும் அவையே நடந்துகொண்டிருந்தன என்பதுதான் காரணம்.

அடிக்கடி வரும் ஆட்கள் யார் யார்? சில எடுத்துக்காட்டுகள் கிடைக்குமா?

போகாத விருந்தாளி முதலில் வருவார். பத்து நாளாகத் தங்கியிருக்கும் ஒருவரிடம் வீட்டுக்காரர் மெல்லப் பேச்செடுத்து, "இத்தனை நாளாயிற்றே, வீட்டில் மனைவி, குழந்தைகள் உங்களைத் தேட மாட்டார்களா?" என்று கேட்கிறார். விருந்தாளி கண் கலங்கிச் சொல்லுகிறார்: "உண்மைதான். அதனால்தான் அவர்களையும் இங்கேயே வரச்சொல்லி நேற்றுக் கடிதம் போட்டுவிட்டேன்." விருந்தோம்பலைப் பெரிய அறமாகக் கொண்ட சமூகத்தில், போய்வாருங்கள் என்று நேராகச் சொல்லவே முடியாத அந்தச் சங்கடம்தான் இந்தத் துணுக்கின் உயிர்.

கருமியைப் பற்றியவை ஏராளம். நெய்ப் பானையை உறியில் தொங்கவிட்டு, பிள்ளைகள் சோற்றுருண்டையை அதன் அடியில் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவது ஒரு வீட்டின் வழக்கம். ஒருநாள் தகப்பனார் நெய்ப் பானையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியூர் போனார். திரும்பிவந்து பார்த்தால், பிள்ளைகள் பூட்டில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். "ஒரு நாளாவது நெய் இல்லாமல் சாப்பிடக் கூடாதா?" என்று அவர் அடிக்கப் போனார். இன்னொரு வீட்டில், பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடிவந்து இரண்டணாவை மிச்சம் பிடித்ததாக மகன் பெருமையோடு சொல்ல, "டாக்சிக்குப் பின்னால் ஓடிவந்திருந்தால் இரண்டு ரூபாய் மிச்சமாகியிருக்குமே" என்று தகப்பனார் கடிந்துகொண்டார்.

ஓட்டல் துணுக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. இரண்டு நண்பர்கள் போய் உட்கார்ந்து, "என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். சர்வர் மூச்சு விடாமல், "இட்லி, தோசை, ரவா தோசை, ஊத்தப்பம், பூரி கிழங்கு, பொங்கல், மெதுவடை, தயிர்வடை, கேசரி" என்று ஒப்பிக்கிறார். நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நெடுநேரம் ஆலோசிக்கிறார்கள். பிறகு ஒருவர் சொல்லுகிறார்: "ஒரு காபி. இரண்டு டம்ளரில்."

குடும்பத்துக்குள் யாரை யார் வேண்டுமானாலும் கேலி செய்யலாமா?

கூடாது, தமிழ்க் குடும்பத்தில் இதற்குத் தெளிவான முறை இருந்தது. மாமன் மகன், அத்தை மகள், மைத்துனர், கொழுந்தியாள், தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் என்று கேலிக்குரிய முறைக்காரர்கள் தனியாக உண்டு. தகப்பனாரையோ மாமனாரையோ அப்படிப் பேசுவதில்லை. கல்யாணத்தில் மட்டும் இந்த வேலி சற்றுத் தளரும். நலங்கின்போது மணமகனையும் மணமகளையும் சீண்டிப் பாடுவதும், சம்பந்தி வீட்டாரை ஏசல் பாட்டில் வாரிவிடுவதும் பெண்களுக்கு அன்று கிடைத்த உரிமைகள். நேற்றுவரை அறிமுகமில்லாத இரண்டு குடும்பங்கள் இனி ஒன்றாக வாழவேண்டும் என்ற அச்சத்தை அந்தப் பாட்டுகள் வெகுவாகக் குறைத்திருக்கின்றன என்றே நான் நம்புகிறேன்.

தந்தி, டிரங்கால், அணா போன்றவற்றை அறியாத பிள்ளைகளுக்கு இவற்றை எப்படிச் சொல்லுவது?

விளக்கத்தைக் கதைக்கு முன்னால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். கதைக்குப் பின்னால் சொன்னால் சிரிப்பு போய்விடும். அணா வரும் துணுக்குக்கு, 1957க்கு முன் பதினாறு அணா ஒரு ரூபாய் என்பது போதும். டிரங்கால் என்றால், வெளியூருக்குப் பேசத் தொலைபேசி நிலையத்தில் பதிவுசெய்து மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றும், கிடைத்த பிறகும் குரல் சரியாகக் கேட்காது என்றும் சொல்லிவிட்டுத் தொடங்கலாம். அலுவலகத்தில் உள்ளறையிலிருந்து பெருங்கூச்சல் கேட்க, "அங்கே என்ன சண்டை?" என்கிறார் வந்தவர். "சண்டை இல்லை, மேனேஜர் திருச்சிக்குப் பேசுகிறார்" என்று பதில் வருகிறது. "அதற்கு டெலிபோனில் பேசக் கூடாதா?" என்று அவர் கேட்கிறார்.

தந்திக்குக் கொஞ்சம் கூடுதல் விளக்கம் வேண்டும். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய காலத்தில் கிராமத்துக்குத் தந்தி வருவது பெரும்பாலும் சாவுச் செய்தியோடுதான்; அதுவும் ஆங்கிலத்தில் இருக்கும்; படித்துச் சொல்ல ஊரில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் பின்வரும் நிகழ்ச்சி விளங்கும். தந்திச் சேவகர் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடுகிறது. அண்டை வீட்டுப் பெண்களும் கூடி அழுகிறார்கள். பள்ளி ஆசிரியரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து படிக்கச் சொன்னால், பட்டணத்தில் இருக்கும் பையன் பரீட்சையில் தேறிவிட்டான் என்று இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்ட பாட்டி ஆசிரியரைப் பார்த்துச் சொல்லுகிறாள்: "இதை முதலிலேயே வந்து சொல்லக் கூடாதா? அடுப்பில் வைத்த பால் அத்தனையும் பொங்கிப் போயிற்றே."

பழைய துணுக்குகளில் சில இன்று மனத்தைப் புண்படுத்துகின்றனவே. அவற்றை என்ன செய்வது?

சொல்லாமல் விட்டுவிட வேண்டும். திக்குவாய், செவிடு, குருடு என்று உடற்குறையைச் சிரிப்பாக்கியவை, ஒரு சாதியாரின் பேச்சையும் தொழிலையும் இழிவுசெய்தவை, மனைவியை அடிப்பதை வேடிக்கையாகக் காட்டியவை ஆகிய எல்லாம் பழைய இதழ்களில் இருக்கின்றன. அந்தக் காலத்தை ஆராய்கிறவர் அவற்றைப் பதிவுசெய்யத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லுவதற்கு அவை ஏற்றவை அல்ல. "அந்தக் காலத்தில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை" என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கேலிக்கு உள்ளானவர் வாய் திறக்க முடியாத நிலையில் இருந்தார் என்பதே பெரும்பாலும் உண்மை.

அந்தக் காலத்திலேயே வேறு வழி காட்டியவர்களும் இருந்தார்கள். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் (1908–1957), நந்தனார் சரித்திரத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டு, ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிறுவன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து முன்னேறுவதைக் கிந்தனார் காலட்சேபமாக நடத்தினார். மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தீண்டாமையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களை நோக்கியதாக இருந்தது.

மாமியார், மருமகள் துணுக்குகள் அனைத்தையும் தள்ளிவிட வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. இருவரில் ஒருவரை மட்டும் அரக்கியாக்குபவற்றை நீக்கிவிட்டாலே போதும். இருவருக்கும் சமமாக வாய் கொடுத்திருப்பவை நிறையவே எஞ்சியிருக்கும்.

துணுக்கைச் சொல்லுவதற்கு என்று ஏதேனும் முறை உண்டா?

உண்டு. "ஒரு பெரிய நகைச்சுவை சொல்லப்போகிறேன்" என்று முன்னறிவிப்புச் செய்யாமல், பேச்சோடு பேச்சாகத் தொடங்க வேண்டும். சிரிப்பை எழுப்பும் சொல் வாக்கியத்தின் கடைசியில் விழவேண்டும். தமிழில் வினைமுற்றைக் கடைசியில் வைக்கும் வழக்கம் பல சமயம் இதற்குத் துணைசெய்யும், சில சமயம் தடையாகும். ஓட்டல் துணுக்கில் "இரண்டு டம்ளரில் ஒரு காபி கொண்டுவாருங்கள்" என்று முடித்தால் கேட்பவர் சிரிக்கமாட்டார். சொல்லுகிறவர் தாமே முதலில் சிரித்துவிடக் கூடாது. கதையில் வருகிறவர் திருநெல்வேலிக்காரராக இருந்தால் அவ்வூர்ப் பேச்சையும், கோயம்புத்தூர்க்காரராக இருந்தால் "ஏனுங்க" என்பதையும் அப்படியே விடலாம்; ஆனால் நன்றாகத் தெரியாத வட்டார வழக்கைப் போலியாகப் பேசுவதைவிட இயல்பான தம் தமிழில் சொல்லுவதே மேல்.

பெரியவர்கள் சொல்லும் துணுக்குகளை எழுதிவைக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

அவர்கள் சொன்ன சொற்களையே எழுதவேண்டும். கூடம், முற்றம், உறி, அரிக்கேன் விளக்கு, மணியார்டர் என்று அவர்கள் சொல்லியிருந்தால், இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக அவற்றை மாற்றிவிடக் கூடாது. விளக்கத்தை வேறாக எழுதிக்கொள்ளலாம். துணுக்கின் சிரிப்பு அந்த வீட்டின் அமைப்பிலும் அந்தப் பொருள்களின் பயன்பாட்டிலும் இருக்கிறது. அவை போனால் அதுவும் போய்விடும். சொன்னவர் யார், எந்த ஊர், எத்தகைய சந்தர்ப்பத்தில் இதைச் சொல்லுவது வழக்கம், அவர் யாரிடம் கேட்டார் என்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். உறவினர் ஒருவரைப் பற்றிய உண்மை நிகழ்ச்சியாக இருந்தால், அவரிடமோ அவருடைய பிள்ளைகளிடமோ கேட்டுக்கொண்ட பிறகே பெயரைச் சேர்க்கலாம்.

ஒரே துணுக்கு இரண்டு வடிவங்களில் கிடைத்தால் எது சரியானது?

இரண்டும் சரியானவையே, இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். போகாத விருந்தாளி ஒரு வீட்டில் கடிதம் போட்டிருப்பார். இன்னொரு வீட்டில் மனைவி, மக்களைக் கூட்டிவர வண்டியே அனுப்பியிருப்பார். பின்னாளில் சொன்னவர் அதை டெலிபோன் என்று ஆக்கியிருப்பார். எந்த வடிவம் எந்த ஊரில், ஏறத்தாழ எந்தக் காலத்தில் சொல்லப்பட்டது என்பதைப் பக்கத்திலேயே குறித்துவிட்டால், ஒரு துணுக்கு வண்டிப் பாதையிலிருந்து தொலைபேசிக் கம்பி வரை வந்த வழியைப் பின்னால் வருகிறவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள்.